கிரியாட்டினின் 0.7 நார்மல்தானே, டாக்டர்?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 25 வயது. எங்கள் ஊர் பந்தலூர் பக்கம். பன்னிரண்டு வயதிலேயே சிக்கிள் செல் என்று சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் 'எஸ்.எஸ்.' என்று போட்டிருக்கும். வலி அடிக்கடி வராமல் இருக்க ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிட்டு வந்தேன். நாள் தள்ளிப்போனதும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். இப்போது 20 வாரம் முடிந்திருக்கிறது. போன வாரம் செக்கப்பில் யூரினில் ஆல்புமின் (புரதம்) இரண்டு பிளஸ் இருந்தது. கிரியாட்டினின் 0.7, பி.பி. 124/80, ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.2. "உப்பு (கிரியாட்டினின்) நார்மல், பி.பி. நார்மல், கிட்னிக்கு ஒன்றுமில்லை, ரத்தம்தான் கம்மி" என்று சொல்லி, அடுத்த வாரம் இரும்புச்சத்து ஊசி போட வரச் சொல்லியிருக்கிறார்கள். காலில் லேசாக வீக்கம் இருக்கிறது. ராத்திரியில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் வடியும் என்கிறார் மாமியார். கை கால் வலி வந்தால் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வேன். ரத்தத்தில் இருக்கிற வியாதி கிட்னிக்கு ஏன் போகிறது? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் 'நார்மல்' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. என்னைக் கவலைப்படுத்தியது அந்தச் சொல்தான். லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நார்மல் அளவு, கர்ப்பமாக இல்லாத, சிக்கிள் இல்லாத ஒருவருக்கானது. உங்கள் உடம்புக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. அதனால் இரும்பு ஊசி போடும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். என்ன கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. ரத்த வியாதி கிட்னிக்கு ஏன் போகிறது?

சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். ரிப்போர்ட்டில் 'எஸ்.எஸ்.' என்று இருந்தால், சிக்கிள் மரபணு அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிக்கிள் ஹீமோகுளோபினுக்கு ஒரு குணம் உண்டு. ஆக்சிஜன் கையில் இருக்கும்வரை சாதுவாக இருக்கும். ஆக்சிஜனைக் கொடுத்து முடித்ததும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, கம்பி கம்பியாக நீண்டுவிடும். அப்போது சிவப்பணு விறைத்து அரிவாள் மாதிரி வளைகிறது. அதனால் ஆக்சிஜன் குறைவான இடம், உப்பு அடர்ந்த இடம், அமிலத்தன்மை கூடிய இடம் எல்லாம் அதற்கு ஆபத்தான இடங்கள். உடம்பில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் இடம் சிறுநீரகத்தின் உட்பகுதி. கால்வாயில் எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டாலும் கடைமடைக்கு வருவது கொஞ்சம்தானே. சிறுநீரகத்துக்கு ரத்தம் ஏராளமாக வந்தாலும் உட்பகுதிக்கு வந்து சேரும் ஆக்சிஜன் அப்படித்தான். அங்கே உப்பும் அதிகம். உப்பில் போட்ட மாங்காய்த்துண்டு சுருங்குவது போல சிவப்பணு தண்ணீரை இழந்து சுருங்குகிறது. உள்ளே ஹீமோகுளோபின் இன்னும் நெருக்கமாகி, இன்னும் சீக்கிரம் வளைகிறது. தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் அங்கே அடைபட்டு, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன.

சிறுநீரைக் கெட்டியாக்கி உடம்பில் தண்ணீரைத் தக்கவைப்பது அந்த உட்பகுதியின் வேலை. அது கெட்டுப்போனால் தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சிறுநீர் நீர்த்துப் போய்க்கொண்டேதான் இருக்கும். நீங்கள் ராத்திரியில் எழுந்திருப்பதற்குக் கர்ப்பம் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம். பள்ளிக்கூட வயதில் படுக்கை நனைந்ததுண்டா? சிக்கிள் உள்ள பல பிள்ளைகளுக்கு அது நடக்கும். அதற்காக அடி வாங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சோம்பலோ பிடிவாதமோ அல்ல, அது சிறுநீரகத்தின் இயலாமை.

இனி உங்கள் மாமியார் சொன்னது. அவர் அக்கறையில் சொல்கிறார், அவரிடம் கோபப்படாதீர்கள். ஆனால் அதைக் கேட்கவும் கேட்காதீர்கள். உங்கள் கால் வீக்கம் தண்ணீர் குடித்ததால் வந்ததல்ல. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் குறையாது, ரத்தம்தான் கெட்டியாகும், சிவப்பணு வளையும், வலி வரும். மருத்துவர் வேறு அளவு சொல்லாதவரை ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் அளவுக்குக் குடியுங்கள். மூச்சு வாங்கினாலோ சிறுநீர் திடீரென்று குறைந்தாலோ கதை வேறு, அப்போது உடனே காட்ட வேண்டும்.

இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலைப்பகுதியிலிருந்து வரும் பெண்கள் பலர் ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. பஸ்ஸில் மணிக்கணக்கில் உட்கார வேண்டும், வழியில் கழிப்பறை கிடையாது, இருந்தாலும் போகிற மாதிரி இருக்காது. எனக்குப் புரிகிறது. ஆனால் வெறும் வயிறும் வறண்ட நாக்குமாக ஊட்டிக் குளிரில் வந்து இறங்கி, அன்று சாயங்காலமே முதுகு வலியோடு அட்மிட் ஆனவர்கள் உண்டு. குளிரும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் சிக்கிளுக்கு அது போதும். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைக்க முடியாது. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர், சாக்ஸ், தலைக்குத் துணி வேண்டும். கூடலூரில் பஸ் மாறும்போது இறங்கிப் போய்விட்டு வாருங்கள். வீட்டுக்காரரைக் கூட வரச் சொல்லுங்கள்.

சரி, கிரியாட்டினினுக்கு வருவோம். நம் ஊரில் 'உப்பு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினாலும் உப்பு, சிறுநீரில் புரதம் போனாலும் உப்பு. இரண்டும் வேறு வேறு. கிரியாட்டினின் என்பது தசையில் உண்டாகும் கழிவு, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. சிக்கிள் உள்ளவர்களுக்கு இளம் வயதில் சிறுநீரகம் அளவுக்கு மீறி வேலை செய்யும். வடிகட்டிகள் பெருத்து, சாதாரணமாக வடிக்க வேண்டியதைவிட அதிகமாக வடிக்கும். கழிவு வேகமாக வெளியேறுவதால் ரத்தத்தில் கிரியாட்டினின் மிகக் குறைவாக இருக்கும். 0.4, 0.5 என்றெல்லாம் பார்க்கலாம். பார்க்க அழகான எண். ஆனால் அது ஓவர்டைம் பார்க்கும் சிறுநீரகத்தின் எண். அதன் மேல் கர்ப்பம் வருகிறது. கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்குமே வடிகட்டும் வேலை ஏறக்குறைய 50 சதவீதம் கூடும், அதனால் கிரியாட்டினின் இன்னும் இறங்கும். ஆரோக்கியமான கர்ப்பிணிக்கே 0.5, 0.6 என்றுதான் இருக்கும்.

அப்படியிருக்க உங்களுக்கு 0.7. கர்ப்பத்துக்கு முன்னால் உங்களுடைய அளவு 0.4 ஆக இருந்திருந்தால், இறங்க வேண்டிய எண் முக்கால் பங்கு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். முன்பே 0.7 ஆக இருந்திருந்தால் அர்த்தம் வேறு. ரிப்போர்ட்டில் சில லேப்கள், சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று கிரியாட்டினினை வைத்துக் கணக்குப் போட்டு 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' என்று ஓர் எண் தருவார்கள். கர்ப்பத்தில் அந்தக் கணக்கு செல்லாது, அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

பி.பி.யும் அப்படியே. சிக்கிள் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட பி.பி. இயல்பாகவே குறைவு. கர்ப்பத்தின் நடு மாதங்களில் யாருக்கும் அது இன்னும் சற்று இறங்கும். அந்த நேரத்தில் 124/80 என்பது, வழக்கமாக 100/60 இருக்கும் பெண்ணுக்கு ஏற்றம். 140/90 தாண்டினால்தான் பி.பி. என்று பாடப்புத்தகம் சொல்லும். பல வருடங்களுக்கு முன்பு, நான் மேற்படிப்பு மாணவியாக இருந்தபோது, சிக்கிள் உள்ள ஒரு பெண் 32 வாரத்தில் செக்கப்புக்கு வந்தார். பி.பி. 130/86. 'பி.பி. நார்மல்' என்று சீட்டில் எழுதியது நான்தான். மூன்றாம் நாள் அவரை வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அவர் பையிலேயே பழைய ஓ.பி. சீட்டு இருந்தது. அதில் 96/58 என்று எழுதியிருந்தது. நான் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சிக்கிள் உள்ள எந்தப் பெண்ணுக்கும் பழைய எண்ணைப் பார்க்காமல் 'நார்மல்' என்று எழுதியதில்லை.

அதனால்தான் உங்களிடம் முதலில் கேட்கிறேன். ஹைட்ராக்ஸியூரியா சாப்பிட்ட காலத்து ஃபைல் எங்கே? அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்வார்கள், கிரியாட்டினின் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். ஓ.பி. சீட்டில் பி.பி. இருக்கும். யூரின் ரிப்போர்ட்டும் இருக்கலாம். வீட்டில் இல்லை என்றால் மாத்திரை தந்த மருத்துவமனையில் கேட்டு நகல் வாங்குங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த யூரின் ரிப்போர்ட்டும் வேண்டும். இருபது வாரத்துக்கு முன்பே ஆல்புமின் போயிருந்தால் அது உங்கள் பழைய சிறுநீரகப் பாதிப்பு. முன்பு இல்லாமல் இப்போது புதிதாக வந்திருந்தால், பிரீஎக்லாம்ப்சியா என்கிற கர்ப்பகால பி.பி. நோயின் தொடக்கமாக இருக்கலாம். நீங்கள் சரியாக இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். எது என்பதை அந்தப் பழைய தாள் சொல்லிவிடும்.

பிரீஎக்லாம்ப்சியா சிக்கிள் உள்ளவர்களுக்கு ஏன் அதிகம் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சிவப்பணுக்கள் 120 நாள் வாழ வேண்டியவை, 10 முதல் 20 நாளிலேயே உடைகின்றன. உடைந்து கொட்டும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாயின் உள்சுவர் உண்டாக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற பொருளைத் தின்றுவிடுகிறது. குழாயைத் தளர்த்தி விரித்துக் கொடுப்பது அந்தப் பொருள்தான். கர்ப்பத்தில் உடம்பெங்கும் குழாய்கள் தளர வேண்டும், கர்ப்பப்பைக்குப் போகும் குழாய்கள் முக்கியமாக. தளர வேண்டிய நேரத்தில் அவை இறுகுகின்றன, உள்சுவரும் புண்பட்டு அணுக்கள் ஒட்டிக்கொள்ளும்படி ஆகிறது. நச்சுக்கொடியில் சிறு சிறு அடைப்புகள் விழுந்தால் குழந்தையின் எடை குறையும். சிறுநீரக வடிகட்டியில் நடந்தால் புரதம் ஒழுகும். ரத்தக் கட்டி உருவாகும் அபாயமும் இதனால்தான் கூடுதல். நீங்கள் தனித்தனியாகக் கேட்ட கிட்னியும் குழந்தையும் இந்த ஓர் இடத்தில் வந்து சேர்கின்றன.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: சிறுநீரில் புரதம் எவ்வளவு என்று அளந்து சொல்லும் பரிசோதனை (பிளஸ் கணக்கு மட்டும் போதாது), யூரின் கல்ச்சர், கிரியாட்டினின் மறுபடி, தட்டணுக்கள், ஈரல் என்சைம்கள். யூரின் கல்ச்சரை ஒருமுறை எடுத்து விட்டுவிடக் கூடாது, எரிச்சல் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. உங்களுக்குக் கிருமித்தொற்று சத்தமில்லாமல் வந்து சிறுநீரகம்வரை ஏறும். அணுக்கள் உடைவதால் பிலிருபின், எல்.டி.எச். என்ற இரண்டு அளவுகளும் சிக்கிளிலேயே கூடியிருக்கும், அதை மட்டும் பார்த்து யாராவது பயமுறுத்தினால் பழைய அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பி.பி.யை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது எடுத்து அட்டையில் எழுதித் தருவார்.

பிரீஎக்லாம்ப்சியாவைத் தடுக்கச் சிறிய அளவு ஆஸ்பிரின் 12 வாரத்திலிருந்து கொடுப்பது வழக்கம். உங்களுக்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. இந்த விசிட்டிலேயே கேளுங்கள். நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

இப்போது மாத்திரைப் பையைத் திறந்து பாருங்கள். டைக்ளோஃபெனாக் இருந்தால் இன்றே தூரப் போடுங்கள். கடைமடைக்கு வரும் அந்தக் கொஞ்ச ரத்தத்தையும் சுருக்கிவிடுவது அந்த மாத்திரைதான். ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாம் அதே குடும்பம். இருபது வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தையும் அது தொட்டு, பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். லேசான வலிக்குப் பாராசிட்டமால் போதும். அதற்கு அடங்காத வலி என்றால் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்ஃபின் போன்ற வலுவான மருந்தைக் கண்காணிப்பில் கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். அப்புறம், புரதம் ஒழுகுகிறது என்று முன்பு எப்போதாவது எனாலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் கொடுத்திருந்தார்களா? கர்ப்பத்தில் அவை கூடவே கூடாது. ஹைட்ராக்ஸியூரியாவை நிறுத்தியது சரி. வலி அடிக்கடி வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதை உங்கள் ரத்தநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரும்பு ஊசி பற்றி. உங்கள் ரத்தம் 8.2 இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இரும்பு இல்லாதது அல்ல, அணுக்கள் சீக்கிரம் உடைவது. உடைந்த அணுவின் இரும்பு உடம்பிலேயே தங்கும். இதுவரை ரத்தம் ஏற்றியிருந்தால் ஒவ்வொரு பையும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பைக் கொண்டுவந்திருக்கும். சில சிக்கிள் பெண்களுக்கு இரும்பு உண்மையிலேயே குறைவாக இருக்கும், அதனால் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் பரிசோதனை) பார்த்துவிட்டுப் போடுங்கள் என்கிறேன். ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் மட்டும் ஒருநாளும் விடக் கூடாது. உங்களுக்கு வழக்கமாக ரத்தம் எவ்வளவு இருக்கும் என்பதும் அந்தப் பழைய ஃபைலில்தான் இருக்கிறது.

குழந்தைக்கு வருவோம். வீட்டுக்காரருக்கு சிக்கிள் பரிசோதனை ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்கு இல்லை என்றால் பிள்ளைக்கு நோய் வராது, ஆனால் கேரியராக, அதாவது நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பதாக இருக்கும். அவரும் கேரியர் என்றால் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாளைக்கே பார்த்துவிடுங்கள், அவருக்கு ஒரு ஊசிக்குத்துதான். பிறந்ததும் குழந்தைக்கும் பரிசோதனை கேளுங்கள். வளர்ச்சியைப் பார்க்க 24 வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் வேண்டும். ஒழுங்காகக் கவனித்தால் சிக்கிள் உள்ள தாய்க்கும் நல்ல எடையோடு பிள்ளை பிறக்கும். பிறந்ததைக் கையில் வாங்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பிரசவத்தை ரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். உங்களுக்குப் பொருந்தும் ரத்தத்தைச் சாதாரண குரூப் மட்டும் பார்த்துக் கொடுத்துவிட முடியாது, கூடுதலாகப் பொருத்தம் பார்க்க நேரம் வேண்டும். சிக்கிள் நோய் உள்ள கர்ப்பிணிகளின் மரண அபாயம் மற்றவர்களைவிட 4 முதல் 11 மடங்கு வரை அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கர்ப்பங்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி நெறியை அது முதல்முறையாக வெளியிட்டதே 2025 ஜூனில்தான். நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கிள் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவர் எழுதியது 1952-இல். இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று உங்கள் மலை. 2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2047-ஐ இலக்காக வைத்திருக்கிறது. எழுபது வருடத்துக்கு மேல் தெரிந்த ஒரு நோய்க்கு, உங்கள் கையில் இருக்கும் அட்டையில் இன்னும் ஒரு தனி வரிகூட இல்லையென்றால் அது எனக்கு வலிக்கிறது. நீங்களே எழுதுங்கள். தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில்: "சிக்கிள் எஸ்.எஸ். — டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது — வழக்கமான பி.பி. இவ்வளவு, கிரியாட்டினின் இவ்வளவு, ரத்தம் இவ்வளவு". சிசேரியன் முடிந்த இரவில் வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவது பல வார்டுகளில் பழக்கம். மயக்கத்தில் நீங்கள் சொல்ல முடியாததை அந்த எழுத்து சொல்லும்.

விடாத தலைவலி, கண்ணில் மின்னல் போல் தெரிவது, மேல்வயிற்றில் வலது பக்கம் வலி, முகம் வீங்குவது, காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, சிறுநீரில் ரத்தம், குழந்தையின் அசைவு குறைவது — இதில் எது வந்தாலும் ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை பிறந்த பிறகும் ஆறு வாரம் இதே கவனம் வேண்டும், ரத்தக் கட்டி அதிகம் வருவது அப்போதுதான்.

பிரசவத்துக்குப் பின் புரதம் நிற்கிறதா என்று பார்க்க ஆறாவது வாரம் சிறுநீரக மருத்துவரிடம் வாருங்கள். நிற்காவிட்டால், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எனாலாப்ரில் தொடங்க முடியும். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட, அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி உங்களுக்குப் பொருந்தும். சிக்கிளுக்கு அது பாதுகாப்பானது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உங்களுக்கு வேண்டாம்.

ஃபைல் கிடைத்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். பழைய கிரியாட்டினின், பழைய பி.பி., முதல் யூரின் ரிப்போர்ட் — மூன்றுக்கும் பக்கத்தில் தேதியை மறக்காமல் குறித்து அனுப்புங்கள்.